அரைக் கிண்ணம் கஞ்சி

அடுப்பு ஆடுகிறது என்று ஒரு மாணவி எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன். ஆடுவது அடுப்பு அன்று, படகும் அதனுள் நிற்கும் நானுந்தான். இரண்டு முளைகளில் ஊஞ்சலைப்போல் தொங்கும் இந்த ஒற்றை அடுப்பு, படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தன் முகத்தை வானுக்கு நேராகவே வைத்துக்கொள்கிறது. அதன்மேல் இருக்கும் சட்டியில் நீர் ஒரு சொட்டும் தளும்பாமல் கொதிக்கத் தொடங்குகிறது. இதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்த்துத் தீரவில்லை. இத்தனை ஆண்டு வாழ்க்கையில் நான் நிமிர்ந்து நின்றதாகப் பலர் மேடையில் புகழ்ந்திருக்கிறார்கள், ஆனால் இந்த அடுப்பைப்போல் நின்றேனா என்று இப்போது ஐயமாக இருக்கிறது. பூங்கோதை வீடு வாங்கவேண்டிய வயதில் படகு வாங்கினாள், அதுவும் பழைய படகு, பாய் கிழிந்தது, அப்போது நான் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. பெற்ற மகள் ஞாயிறுதோறும் தனியே கடலில் போய்த் தானே பொங்கித் தானே உண்டு வருகிறாள் என்பதை உறவினர்களிடம் எந்தச் சொற்களால் சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். இன்றுதான் முதன்முதலாக இதன் உள்ளே வந்திருக்கிறேன். ஒரு மேசையின் அளவுகூட இல்லாத இடம், அதற்குள் ஒரு முழுச் சமையலறை. சட்டிக்குள் சட்டி, அதற்குள் கிண்ணம், கிண்ணத்துக்குள் மூடி. கத்திக்கு ஓர் உறை, உறைக்கு ஒரு பள்ளம். சீரகமும் மிளகும் விரல் நீளக் குப்பிகளில் பேர் ஒட்டி வரிசையாக. எது எங்கே இருக்கவேண்டுமோ அது அங்கே இருக்கிறது. என் வகுப்பறைகளில் நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத ஒழுங்கு இது. நான் கோபித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் என் மகள் இதைக் கடலுக்குள் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வியக்கலாம், வியந்துகொண்டே இருக்கலாம், நாளை என்று ஒன்று இல்லாவிட்டால். நாளை திங்கட்கிழமை. நாளை மருத்துவமனையில் என் கணவருடைய மூக்கின் வழியே குழாய் செருகுவார்கள்.

குழாய். அந்தச் சொல்லை மருத்துவர் மிக மென்மையாகத்தான் சொன்னார், மென்மையாகச் சொன்னதனால்தான் பயந்தேன். "இதயம் மருந்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது அம்மா, ஆனால் உடம்பு கரைகிறது, இந்த வாரத்துக்குள் தாமாகச் சாப்பிடத் தொடங்கவில்லை என்றால் குழாய் வழியே கொடுப்பதைத் தவிர வழியில்லை" என்றார். உப்பு கூடாது, ஒரு கல்லும் கூடாது, உப்பு சேர்ந்தால் கால் வீங்கும், மூச்சு திணறும் என்று சொன்னவரும் அவரே. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அந்தப் பழமொழி என் அடுக்களைக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. எலுமிச்சை பிழிந்தேன், மாங்காய் வற்றலை இடித்தேன், மிளகைக் கூட்டினேன், இஞ்சியைக் கூட்டினேன், நானும் உப்பை விட்டு அவரோடு அதையே உண்டேன். அவர் ஒரு வாய் வாங்குவார், மெல்லுவார், விழுங்குவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு "போதும்" என்பார். வெறுப்போடு சொல்லமாட்டார், அதுதான் தாங்கவில்லை; திருமணப் பந்தியில் இலையை மறைத்துக் கை விரித்துச் சொல்வார்களே, அப்படிப் பணிவாகச் சொல்வார். முந்தாநாள் பூங்கோதை அவர் கட்டிலருகே உட்கார்ந்து, "அப்பா, என்னதான் வேணும் உங்களுக்கு, சொல்லுங்க" என்றபோது, "உன் படகுல ஒரு தரம் போகணும்ளா" என்றார். அவள் சாப்பாட்டைத்தான் கேட்கிறாள் என்றேன் நான். அவர் சாப்பாட்டுக்குத்தான் பதில் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். காற்று மிதமாக இருந்தால், கரையை விட்டு நெடுந்தொலைவு போகாவிட்டால், சரி என்றார் மருத்துவர். திங்களுக்கு முன்னால் ஆசைப்பட்டதைச் செய்யட்டும் என்று அந்தச் சரிக்குள் இன்னொரு பொருள் இருந்ததா என்று அன்றிலிருந்து அதையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், இருந்தது என்று ஒரு நேரம் தோன்றுகிறது, இல்லை என்று ஒரு நேரம்.

நீர் கொதித்துவிட்டது. "அம்மா, முழங்காலை அந்தப் பலகையில முட்டுக்குடுத்து நில்லுங்க, அப்பத்தான் ரெண்டு கையும் சும்மா கிடைக்கும்" என்று வெளியிலிருந்து, சுக்கானைப் பிடித்தபடி, பூங்கோதை குரல் கொடுக்கிறாள். முட்டுக்கொடுக்கிறேன். சரியாகத்தான் சொல்கிறாள், உடம்பு தூணாகிவிடுகிறது. அரிசிக் குருணையையும் வறுத்த பாசிப்பருப்பையும் பூண்டுப் பல்லையும் சீரகத்தையும் வெப்பக்குடுவைக்குள் போட்டு, கொதிநீரை ஊற்றி, மூடியைத் திருகி, துண்டால் சுற்றிப் பலகைகளுக்கு இடையே படுக்கவைத்துவிட்டால் போதும்; அடுப்பை அணைத்துவிடலாம், கஞ்சி தானாகவே வெந்துகொள்ளும், கிளறவேண்டாம், பொங்கி வழியாது, அடிபிடிக்காது. "வெப்பக்குடுவை எங்கே" என்று நான் கேட்டதற்குக் காலையில் சிரித்தாள், "பிளாஸ்க்குன்னு சொல்லுங்கம்மா, நீங்க சொல்லுதத கேட்டா அது என்னமோ பரிசோதனைக் கூடத்துச் சாமான் மாதிரி இருக்கு" என்றாள். தமிழில் பேர் இருக்கும் பொருளைத் தமிழில் சொன்னால் கஞ்சி வேகாதா என்று கேட்டேன். நறுக்குவதையெல்லாம் கரையிலேயே முடித்துவிட்டாள்; தேங்காய்த் துருவல் ஒரு சம்படத்தில், வெள்ளரித் துண்டுகள் ஈரத்துணியில், அவித்த வேர்க்கடலை, குமட்டினால் வாயில் அடக்கிக்கொள்ளக் கருப்பட்டியும் சுக்கும், மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் பூசி இலையில் மடித்த இட்டிலி அவளுக்கு மட்டும். கடலில் நெருப்பின் வேலை ஒரு கொதி, அவ்வளவுதான். எந்தப் பாத்திரத்தையும் பாதிக்குமேல் நிரப்பக்கூடாது, அது அவளுடைய விதி. கஞ்சியும் நீர்க்க இராது, கையால் அள்ளி உண்ணும் பதத்தில் இருக்கும், அப்போதுதான் சிந்தாது. ஒவ்வொன்றும் யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது. என்னிடம் கற்றதில்லை இது, என்னை மீறிக் கற்றது. இந்த எண்ணத்தில் ஒரு பெருமையும் இருக்கிறது, ஒரு முள்ளும் இருக்கிறது, ஏனென்றால் இதே பிள்ளைதான் இன்று காலை படகுத்துறையில் என் காதருகே வந்து, "அம்மா, இன்னைக்கு ஒரு நாளைக்கு, ஒரு சிட்டிகை போட்டுருவோமா" என்று கேட்டாள். கூடாது என்றேன். "ஒரு நாள்தானம்மா" என்றாள். விதி என்றால் எல்லா நாளும் விதிதான் என்றேன். வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொள்ளும் மாணவிகளைத்தான் நான் அதிகம் கவனித்திருக்கிறேன்.

கதவென்று ஒன்று இல்லை, இரண்டு படி ஏறினால் வெளி. அவர் உயிர்காப்பு மேலங்கிக்குள் மெலிந்த பறவையைப்போல் உட்கார்ந்திருக்கிறார், வலக்கை கம்பியைப் பிடித்திருக்கிறது. சட்டைக் கழுத்துக்கும் அவர் கழுத்துக்கும் இடையே ஒரு கை நுழையலாம். தூத்துக்குடி உப்பளத்தில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தவர். பாத்திகளுக்கு நடுவே வெண்மை கண்ணை அறையும் நடுப்பகலில் குடை பிடிக்காமல் நடந்தவர். விளைந்த உப்பில் ஒரு கல்லை எடுத்து நாவில் வைத்தால் எந்தப் பாத்தி, வடித்தது போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். திருமணமான புதிதில் என் சமையலை உண்டுவிட்டு ஒரு குறையும் சொல்லாமல் எழுந்தார்; குறை இருந்தால் சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்தியபோது, "ரசத்துல ஒரு கல்லு கூட, பொரியல்ல ஒரு கல்லு குறைச்சல். ரெண்டும் வயித்துக்குள்ள போய்ச் சரியாயிரும் டீச்சர்" என்றார். அன்றைக்கே டீச்சர் ஆக்கிவிட்டார் என்னை, மங்கையர்க்கரசி என்று ஒரு பேர் இருப்பது ரேஷன் கடைக்காரருக்குத்தான் நினைவிருக்கும். எங்கள் வீட்டில் சமைப்பவர் சுவைத்துப் பார்த்துப் பரிமாறுவது வழக்கமில்லை. வாயில் வைத்துப் பார்த்தால் அது எச்சில், கையளவும் கண்ணளவுந்தான் எல்லாம். ஆதலால் என் சமையலுக்கு முதல் நாக்கு எப்போதும் அவருடையதே. அந்த நாக்குக்குத்தான் இத்தனை மாதமாக ஒன்றும் தராமல் இருக்கிறேன். ஓர் ஓவியனின் கண்ணைக் கட்டிவிட்டு, நன்றாகப் பார், பார்த்தால்தான் பிழைப்பாய் என்று சொல்வதைப்போல. ஆனால் கட்டை அவிழ்த்தால் அவர் இறந்துபோவாரே. இங்கேதான் என் எண்ணம் ஒவ்வொரு முறையும் வந்து முட்டி நிற்கிறது, முட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, போட்டால் மூச்சு, போடாவிட்டால் குழாய், போட்டால் மூச்சு.

துறைமுகச் சுவருக்கு உள்ளே தண்ணீர் தட்டையாகக் கிடந்தபோது வேர்க்கடலையைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றை மென்றார், போதும் என்றார். சுவரைத் தாண்டியதும் கொண்டல் காற்று முகத்துக்கு நேரே வந்தது, படகு ஒருபக்கம் படுத்துக்கொண்டு எழுந்தது, நான் வேலா, காப்பாற்று என்று கூவினேன், அவரோ சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தப் பல்வரிசையைப் பார்த்து. "ஏளா கோதை, இன்னும் கொஞ்சம் சாய்ப்பியா" என்றார். "அப்பா, அம்மா என்னைக் கொன்னுருவாங்க" என்றாள். "அவ கொல்ல மாட்டா, எழுத்துப் பயிற்சி கொடுப்பா" என்றார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானோ கண்டிப்பான முகத்தை வைத்துக்கொண்டேன், வைத்துக்கொள்ளாவிட்டால் அழுதிருப்பேன். பாயை இழுப்பதும் விடுவதும் கயிற்றைச் சுற்றுவதுமாக அவள் கைகள் என்ன அழகாக வேலை செய்கின்றன. பேசிக்கொண்டே செய்கிறாள், தந்தையைப் பார்த்துக்கொண்டே செய்கிறாள். இவளையா நான் பேசாமல் தண்டித்தேன். குடுவையைத் திறக்கிறேன். பூண்டு மணம் எழுகிறது. வெந்திருக்கிறது, குருணை மலர்ந்து பருப்போடு குழைந்திருக்கிறது, தேங்காயைத் தூவுகிறேன், கிண்ணத்தில் பாதி நிரப்புகிறேன், உப்பு இல்லை. இரண்டு படி ஏறி அவரிடம் போகிறேன். "கை கழுவுங்கள்" என்கிறேன். மூழ்கும் கப்பலிலும் நான் அதைச் சொல்வேன் என்று அவர் ஒருமுறை கேலி செய்திருக்கிறார். "நல்ல தண்ணி குடிக்க மட்டுந்தாம்மா" என்று பூங்கோதை குவளையைக் கடலில் முக்கி நீட்டுகிறாள். நானே வாங்கி அவர் கையில் ஊற்றுகிறேன், விரல் விரலாக ஊற்றுகிறேன், என் கையையும் கழுவிக்கொள்கிறேன். கரண்டியை எடுத்து வரவில்லை. கரண்டி அவருக்கு மருத்துவமனை. கிண்ணத்தை அவர் மடியில் வைத்து ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். முதல் வாய். அவர் தொண்டையைப் பார்க்கிறேன், அந்த முடிச்சு ஏறி இறங்கவேண்டும், இத்தனை மாதமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது அந்த ஒன்றைத்தான். மெல்லுகிறார். நிறுத்துகிறார். இதோ, சொல்லப்போகிறார், போதும் என்று சொல்லப்போகிறார், கண்ணை மூடிவிட்டார். முடிச்சு இறங்குகிறது. கண்ணைத் திறக்காமலே இரண்டாவது வாய். பிறகு, விரல்களைச் சப்புகிறார், நாகரிகம் தெரிந்த மனிதர், ஒவ்வொரு விரலாகச் சப்புகிறார். மூன்றாவது. "டீச்சர்," என்கிறார், "டீச்சர், உப்பு."

"போடவில்லை" என்கிறேன். "இருக்கே" என்கிறார், களவு செய்து பிடிபட்ட பிள்ளையைப்போல் மகிழ்ச்சியோடு. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, என் கை அவர் கிண்ணத்துக்குள் போகிறது, அவர் எச்சில் பட்ட கிண்ணம், வாழ்நாளில் ஒருமுறையும் செய்யாததைச் செய்கிறேன், ஒரு விள்ளல் அள்ளி வாயில் வைக்கிறேன். உப்பு. ஐயமே இல்லை, உப்பு, எத்தனை மாதம் கழித்து, அந்த மானங்கெட்ட நாக்கு அச்சத்துக்கு முன்னால் அதை வரவேற்கிறது. கிண்ணத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறேன். "பூங்கோதை!" வகுப்பறைக் குரல், காற்றையும் மீறிப் போகிறது. "என்ன செய்தாய்? குருணையோடு கலந்து வைத்தாயா? பருப்பிலா? உன் தந்தையின் உயிரோடு விளையாடுவதற்கு உனக்கு யார் உரிமை கொடுத்தது?" "நான் போடலம்மா." "காலையில் கேட்டாய்." "கேட்டேன். நீங்க வேண்டாம்னீங்க. போடல." கயிற்றைக் கையில் பிடித்தபடி நேரே என்னைப் பார்க்கிறாள். பொய் சொல்லும் கண்களை நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன், அவை ஒருகணமாவது தரையைத் தேடும். இவள் கண் தேடவில்லை. அப்படியென்றால் எங்கிருந்து, எப்படி, யார். அவர் மட்டும் கலங்கவே இல்லை. காலியான வலக்கையின் ஆள்காட்டி விரலை நாவில் வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து, உப்பளத்தின் வரப்பில் நிற்பவரைப்போல் எதையோ உற்றுக் கேட்கிறார். "அவளத் திட்டாத. இது கடைச் சரக்கு இல்ல," என்கிறார். "பின்னால கசப்பு நிக்கி பாரு. வெளஞ்ச உப்புன்னா மேல நிக்கிற கசப்புத் தண்ணிய வடிச்சிருப்போம். இது வடிக்காத உப்பு. பச்சைக் கடல்." என் காலடியில் குவளை உருண்டுகொண்டிருக்கிறது. அதைப் பார்க்கிறேன். என் கையைப் பார்க்கிறேன். காய்ந்த இடத்தில் தோல் வெளுத்துப் பூத்திருக்கிறது. கை கழுவாமல் உண்ணக்கூடாது என்றவள் யார்? விரல் விரலாக ஊற்றியவள் யார்?

பூங்கோதைக்குத்தான் முதலில் சிரிப்பு வருகிறது, கயிற்றை விட்டுவிடுவாளோ என்று அஞ்சும் அளவுக்குச் சிரிக்கிறாள். "அம்மா, போட்டது நீங்கதாம்மா!" நான் சிரிக்கவில்லை. குடிநீர்ப் புட்டியை எடுக்கிறேன். அதுதான் முறை, நல்ல நீரில் அவர் கையைக் கழுவிவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பித் தரவேண்டும், அதுதான் முறை. விரலில் ஒட்டியது எவ்வளவு இருக்கும், ஒரு கல்லில் நூற்றில் ஒரு பங்கு இருக்குமா, அது தெரியாது, மருத்துவரிடம் நாளை நானே சொல்வேன், மறைக்கமாட்டேன், இவ்வளவு, இப்படி, இந்தக் கையால் என்று சொல்லிக் கேட்பேன். ஆனால் இன்று அவர் மூன்று வாய் விழுங்கினார், அந்த முடிச்சு மும்முறை ஏறி இறங்கியது, அதையும் சொல்வேன். புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருக்கிறேன், அது திறந்துவிட்டது, பிறகும் திருகுகிறேன். அவர் என்னைப் பார்க்கிறார். கெஞ்சவில்லை. இத்தனை காலம் என்னிடம் எதையும் கெஞ்சாத மனிதர். புட்டியை மூடுகிறேன். கிண்ணத்தை மறுபடி அவர் மடியில் வைக்கிறேன். உண்கிறார். காற்றில் பாய் இழுபடும் ஓசைக்கு நடுவே அவர் மெல்லும் ஓசை கேட்கிறது, இதைவிட நல்ல இசையை நான் எந்த விழாவிலும் கேட்டதில்லை. கிண்ணத்தின் அடி தெரிகிறது. வழித்து உண்கிறார். நான்காம் வாயோ ஐந்தோ, கணக்கு விட்டுப்போயிற்று, கணக்கு விட்டுப்போனது எனக்கே வியப்பு. குடுவையில் இன்னும் இருக்கிறது. கேட்கலாமா, கேட்டால் அந்தச் சொல் வருமோ, கேட்காமல் ஊற்றினால் கையை விரித்து மறைப்பாரோ. கேட்கவில்லை. குடுவையைச் சாய்த்து அரைக் கிண்ணம் ஊற்றுகிறேன், படகின் விதி அது. அவர் கையால் மறைக்கவில்லை. கையை நீட்டுகிறார், படகின் விளிம்புக்கு வெளியே, விரல்களைச் சற்று விரித்து, ஒன்றும் அறியாத முகத்தோடு.

"டீச்சர்," என்கிறார், "கை கழுவணும்."

குனிந்து குவளையைக் கடலில் முக்குகிறேன்.